துப்பாக்கிக் குழலில் தொடங்கிய துருப்பிடிக்காத எஃகு

பித்தளையையும் வெண்கலத்தையும் தமிழகத்துச் சமையலறைகளிலிருந்து பரணுக்கு அனுப்பிய உலோகத்துக்கு நம் மக்கள் இட்ட பெயர் எவர்சில்வர். அதில் வெள்ளி கிடையாது. அதன் கதையும் அடுப்பங்கரையில் தொடங்கவில்லை. துப்பாக்கிக் குழலை நீண்ட நாள் உழைக்கச் செய்வது எப்படி என்ற ராணுவக் கேள்வியில் தொடங்கியது. அக்கேள்வியைக் கையில் எடுத்தவர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரைச் சேர்ந்த ஹாரி பிரியர்லி. காப்புரிமையின் பொருளாதாரத்தைக் கற்பித்த ஆண்டுகளில் நான் மாணவர்களுக்கு மிகுதியும் எடுத்துக்காட்டிய வாழ்க்கை அவருடையது.

1871-இல் பிறந்த பிரியர்லியின் தந்தை, மூசைகளில் எஃகு உருக்கும் தொழிலாளி. குடும்பத்தில் வறுமை. 12 வயதில் பள்ளிப் படிப்பு முடிந்துபோனது. எஃகு ஆலையில் கூலி வேலைக்குச் சென்ற சிறுவன், விரைவிலேயே தாமஸ் ஃபெர்த் நிறுவனத்தின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் குப்பி கழுவும் பணியாளனானான். குப்பிகளைக் கழுவிக்கொண்டே வேதியியல் கற்றான். மாலை வகுப்புகளுக்குச் சென்றான். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத அவர், ரீகா நகரில் அந்நிறுவனம் நடத்திய ஆலையிலும் சில ஆண்டுகள் பணியாற்றினார். 1908-இல் ஃபெர்த், ஜான் பிரவுன் ஆகிய இரு நிறுவனங்களும் கூட்டாக ஆய்வகம் அமைத்தபோது, அதன் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அக்காலத்துத் துப்பாக்கிக் குழலுக்குப் பகைவர் இருவர். ஒன்று தேய்மானம். கார்டைட் வெடிமருந்து எரியும்போது எழும் கடும் வெப்பமும் வாயுவும் குழலின் உட்சுவரை அரித்து அகலமாக்கிவிடும். குறி தவறத் தொடங்கும். மற்றொன்று துரு. தோட்டாவின் பற்றுமருந்தில் இருந்த பொட்டாசியம் குளோரேட், வெடித்த பின் ஓர் உப்பைக் குழலுக்குள் விட்டுச் செல்லும். அவ்வுப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓர் இரவு கவனியாது விட்டாலே குழலில் துரு ஏறிவிடும். எண்ணெய் மட்டும் போதாது. எண்ணெயில் உப்பு கரையாது. எனவே முதலில் குழலில் கொதிநீர் ஊற்றி உப்பைக் கழுவ வேண்டும். பிறகு துணி கட்டிய கயிற்றை உள்ளே இழுத்து ஈரம் போகத் துடைத்து, அதன் பின்னரே எண்ணெய் பூச வேண்டும். கயிறும் சிறிய எண்ணெய்க் குப்பியும் துப்பாக்கியின் அடிக்கட்டைக்குள்ளேயே வைக்கப்பட்டிருந்தன என்றால், இப்பணி எவ்வளவு அன்றாடமானது என்று ஊகிக்கலாம். குழலின் வெளிப்புறத்துக்கோ வேறொரு பழைய உத்தி இருந்தது: வேண்டுமென்றே மெல்லிய துருவேற்றி, அதைத் தேய்த்துப் படியவைத்து, மேலும் துரு ஏறாமல் தடுத்தார்கள்.

1912-இல் என்ஃபீல்டு அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையின் சிக்கல் பிரியர்லியிடம் வந்தது. அவரிடம் கேட்கப்பட்டது தேய்மானத்துக்குத் தீர்வு; துருவுக்கு அன்று. குரோமியம் கலந்த எஃகு வெப்பத்தைத் தாங்கும் என்று கருதி, வெவ்வேறு விகிதங்களில் கலந்து பார்த்தார். 1913 ஆகஸ்டில் 12.8 விழுக்காடு குரோமியம் கொண்ட எஃகு வார்க்கப்பட்டது. எஃகின் உள்ளமைப்பை நுண்ணோக்கியில் காண, மெருகேற்றிய பரப்பை அமிலத்தால் அரிக்கச் செய்வது வழக்கம். இந்த எஃகை அமிலம் எளிதில் தீண்டவில்லை. காடியும் எலுமிச்சைச் சாறும்கூடத் தோற்றன. குப்பைக் குவியலில் ஒரு துண்டு மட்டும் மின்னியதைக் கண்டு வியந்தார் என்று பரவலாகச் சொல்லப்படும் கதையைவிட, இந்த ஆய்வக நிகழ்வையே நான் நம்புகிறேன். குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மென்படலமாகிறது. கீறினாலும் தானே மீண்டும் படர்கிறது. துரு ஏறாததன் காரணம் அதுவே.

கேட்ட கேள்வி துப்பாக்கியைப் பற்றியது என்பதால், நிறுவனத்தார் இவ்விடையைப் பொருட்படுத்தவில்லை. பிரியர்லி பிறந்ததோ கத்திகளுக்குப் பெயர்பெற்ற ஊர். அந்நாளில் உணவு மேசைக் கத்திகளை ஒவ்வொரு வேளையும் தேய்த்துத் துலக்க வேண்டியிருந்ததை அறிந்தவர் அவர். புதிய எஃகைக் கத்தி செய்வோரிடம் கொடுத்தார். அதைக் கடினப்படுத்த வேண்டிய வெப்பநிலை அவர்கள் பழகியதினும் வேறாக இருந்ததால் முதல் முயற்சிகள் பாழாயின. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று ஊர் நகைத்தது. 1914-இல் மோஸ்லி நிறுவனத்தின் மேலாளர் எர்னஸ்ட் ஸ்டூவர்ட் பக்குவம் கண்டு கத்திகளை உருவாக்கினார். துருவற்ற எஃகு என்று பிரியர்லி சொல்லிவந்ததைக் கறைபடாத எஃகு என்று மாற்றி அழைத்தவரும் அவரே.

விற்பனை வாய்ப்பு தெரிந்ததும் கண்டுபிடிப்புக்கு உரிமை கோரியது ஃபெர்த் நிறுவனம். மனம் கசந்த பிரியர்லி 1915-இல் விலகி வேறொரு ஆலைக்குச் சென்றார். அமெரிக்கக் காப்புரிமையை 1916-இல் தம் பெயரில் பெற்றார். அடுத்த ஆண்டு இரு தரப்பும் கூட்டமைப்பு ஒன்றில் இணைந்தன. உலையும் ஊதியமும் நிறுவனத்துடையவை, ஆகவே பயனும் நிறுவனத்துக்கே என்ற வாதத்துக்குச் சட்டத்தில் வலுவுண்டு. ஆனால், கொண்டுவந்து கொடுத்தபோது வேண்டாமென்று ஒதுக்கிய ஒன்றுக்கு, பிறர் பயன் கண்ட பின் உரிமை கோருவதை என்னால் நியாயமாகக் கருத இயலவில்லை. இத்தகைய பூசல்கள் நம் ஆய்வகங்களுக்கும் புதியவை அல்ல.

புகழ் முழுவதும் அவருக்கே உரியதென்று கூறுவதும் பிழை. ஜெர்மனியின் குருப் நிறுவனம் குரோமியத்துடன் நிக்கலும் சேர்ந்த எஃகுக்கு 1912-இலேயே காப்புரிமை கோரியிருந்தது. பிரியர்லிக்குப் பின் அந்த ஆய்வகத்தை நடத்திய ஹாட்ஃபீல்டு, 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கொண்ட வகையை 1924-இல் உருவாக்கினார். தரமான பாத்திரங்கள் அவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றில் காந்தம் ஒட்டுவது அரிது. பிரியர்லியின் எஃகு கத்தியில் வாழ்கிறது. அதில் காந்தம் ஒட்டும்.

1920-இல் பெஸ்ஸமர் தங்கப் பதக்கம் பெற்ற அவர், 1941-இல் தம் தன்வரலாற்றை வெளியிட்டார்; அதே ஆண்டில் அறக்கட்டளையும் நிறுவினார். 1948-இல் தமது 77-ஆம் வயதில் காலமானார்.

என்ஃபீல்டின் கேள்விக்கு விடை வேறு வடிவில் வந்தது. குழலை முழுதும் புதிய எஃகால் செய்யாமல், உட்சுவருக்குக் குரோமிய முலாம் பூசினார்கள். அது தேய்மானத்தையும் துருவையும் ஒருங்கே தடுத்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியத் துப்பாக்கிகளில் அது இருந்தது. அமெரிக்காவின் எம்-14 துப்பாக்கியிலும் இருந்தது. அதற்கடுத்து வியத்நாமுக்கு அனுப்பப்பட்ட எம்-16 துப்பாக்கியில் அப்பூச்சு விடுபட்டது. ஈரக்காட்டில் தோட்டா அறை துருவேறிக் குழிவிழ, வெடித்த தோட்டாக் கூடுகள் உள்ளேயே சிக்கின. சண்டையின் நடுவே துப்பாக்கி இயங்காமல் வீரர்கள் மடிந்ததற்கு அது காரணங்களுள் ஒன்று. 1967-வாக்கில் தோட்டா அறைக்குக் குரோமியம் பூசத் தொடங்கினார்கள்.