பட்டாவின் பெயருக்குள் ஒரு மனிதர்

டிமோ பட்டா என்று நாங்கள் சொல்லும்போதெல்லாம் ஒரு மனிதரின் பெயரில் கொஞ்சத்தையும் சேர்த்தே சொல்கிறோம். 1939இல் இலங்கையில் தொடங்கப்பட்ட 'டீசல் அன்ட் மோட்டார் என்ஜினியரிங்' கம்பனியின் சுருக்கம்தான் டிமோ. டீசல் என்பது எண்ணெய்க்குப் பெயராவதற்கு முன்னர் ஓர் ஆளின் பெயர்: ருடோல்ஃப் டீசல். பட்டா என்பது சிங்களத்தில் கட்டையானவனைச் செல்லமாகக் கூப்பிடும் சொல். இந்தப் பெயர்ச் சேர்க்கை தற்செயலானது. ஆனால் டீசலின் வாழ்க்கையைப் படிக்கப் படிக்க, அவர் தேடியும் கைக்கு வராமல் போனது இந்தக் கட்டைதான் என்று எனக்குப் படுகிறது.

அவர் பிறந்தது 1858 மார்ச் 18, பரிஸ் நகரில். பெற்றோர் ஜேர்மனியர். தகப்பன் புத்தகம் கட்டுவது, தோல் பொருட்கள் செய்வது என்று சிறு பட்டறை நடத்தியவர். 1870இல் பிரான்சுக்கும் ஜேர்மனியருக்கும் யுத்தம் மூண்டதும் அந்தக் குடும்பத்தால் பரிசில் இருக்க முடியவில்லை. பட்டறையை விட்டுவிட்டு லண்டனுக்குப் போனார்கள். அங்கேயும் வருமானம் போதாமல், 12 வயது மகனை ஜேர்மனியின் ஆக்ஸ்பேர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். இடம்பெயர்ந்து, சொந்தக்காரர் வீட்டில் வளர்ந்து, படிப்பை மட்டுமே நம்பி மேலே வரவேண்டியிருந்த பிள்ளையின் நிலையை எங்கள் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பிள்ளை நன்றாகப் படித்தது. மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் கார்ல் வொன் லிண்டேயிடம் வெப்பவியல் கற்று, 1880இல் மிக உயர்ந்த புள்ளிகளுடன் வெளியே வந்தார். பிறகு லிண்டேயின் குளிரூட்டி இயந்திரத் தொழிலிலேயே பல வருடங்கள் வேலை செய்தார். நீராவி இயந்திரம் நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்கை வீணாக்குகிறது என்ற பாடம் அவரை விடவேயில்லை. இன்னொரு கவலையும் இருந்தது. நீராவி இயந்திரம் பெரிய முதலாளிக்குத்தான் கட்டுப்படியாகும். தச்சரும் நெசவாளரும் அதோடு போட்டியிட முடியாது. அவர்களும் வாங்கி வைத்துக்கொள்ளக்கூடிய, சிக்கனமான சிறு இயந்திரம் ஒன்று வேண்டும் என்று அவர் எழுதினார். அப்படி எழுதும்போது தகப்பனின் பட்டறை அவர் மனதில் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

அவருடைய வழி, சொல்ல எளிது. உருளைக்குள் வளியை மட்டும் கடுமையாக அமுக்கினால் அது கொதிசூடாகும். அந்தச் சூட்டுக்குள் எரிபொருளை விட்டால் தீப்பொறியே இல்லாமல் பற்றிக்கொள்ளும். 1893இல் ஆக்கவுரிமை கிடைத்தது. அதே வருடம் ஆகஸ்டில் ஆக்ஸ்பேர்க் தொழிற்சாலையில் நடந்த முதல் சோதனையில் அமுக்கம் அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. இன்னும் மூன்றரை வருடங்கள் பாடுபட்டு, 1897 பெப்ரவரியில் 20 குதிரைவலு கொண்ட இயந்திரம் ஒன்றை ஓட்டிக்காட்டினார். வினைத்திறன் 26 சதவீதம். உலகம் அதிசயித்தது.

ஆனால் அது சிறியதல்ல. ஏறத்தாழ மூன்று மீற்றர் உயரம். ஒரேயொரு உருளை, அதன் கொள்ளளவு மட்டும் 19.6 லீற்றர். சுழற்சி, நிமிடத்துக்கு 172. 2005இல் இந்தியாவில் டாட்டா ஏஸ் என்ற பெயரில் வந்த பட்டாவின் இயந்திரத்தில் இரண்டு உருளைகளும் சேர்ந்து 0.7 லீற்றர்தான், வலு 16 குதிரை. கிட்டத்தட்ட அதே வலு, 28இல் ஒரு பங்கு கொள்ளளவில்.

ஏன் அவரால் சுருக்க முடியவில்லை? எரிபொருளை உருளைக்குள் ஊதுவதற்கு, உள்ளே இருப்பதைவிட அதிக அமுக்கத்தில் வளி தேவைப்பட்டது. அந்த வளிக்குத் தனியாக ஓர் அமுக்கி. இயந்திரத்தின் வலுவில் ஒரு பகுதியை அதுவே தின்றது. தொழிற்சாலைக்கும் கப்பலுக்கும் இது பிரச்சினையில்லை. ஒரு வண்டிக்கு முடியாது. 1908 அளவில் சுவிற்சர்லாந்தில் லொறிக்கென்று சிறிய இயந்திரம் ஒன்றை அவர் முயன்று பார்த்தார், அது எடுபடவில்லை. பெரிய இயந்திரங்களோ பெரியவர்களிடமே போயின. அமெரிக்க உரிமையை மட்டும் பியர் முதலாளி அடொல்பஸ் புஷ் 10 இலட்சம் மார்க்குக்கு வாங்கினார். நீர்மூழ்கிகளுக்கும் அது ஏறியது. தொழிலாளர்கள் கூட்டாகத் தொழிற்சாலைகளை நடத்துவது பற்றி 1903இல் டீசல் எழுதிய புத்தகத்தை வாங்கத்தான் ஆளில்லை.

இயந்திரம் கட்டையான கதை வேறு கைகளில் நடந்தது. 1909இல் பென்ஸ் கம்பனியின் ப்ரொஸ்பர் லொராஞ்ச் உருளைத் தலையில் ஒரு முன்னறை வைக்கும் யோசனைக்கு ஆக்கவுரிமை பெற்றார். எரிபொருள் முதலில் அந்தச் சிற்றறையில் பற்றி, அந்த வேகத்திலேயே உருளைக்குள் பாயும். ஊதும் அமுக்கி தேவையில்லாமல் போனது. 1920களில் பென்ஸின் டீசல் லொறி வந்தது. 1927இல் பொஷ் கம்பனி எரிபொருள் பம்பியைத் தொகையாகச் செய்யத் தொடங்கியது. 1936இல் மெர்சிடிஸ் 260 டி என்ற கார், 2.5 லீற்றர் டீசலோடு. அதற்குப் பிறகுதான் பிக்கப்புகள். ஏஸின் முதல் இயந்திரத்திலும் எரிபொருள் நேரே உருளைக்குள் போவதில்லை, பக்கத்து அறையில்தான் பற்றுகிறது, லொராஞ்சின் வழி. 750 கிலோ ஏற்றும் அந்த வண்டியை லீசிங்கில் எடுத்து ஹயர் ஓடுபவர்தான் டீசல் எழுதிய அந்தச் சிறு மனிதர் என்று நான் நினைக்கிறேன். 2022இல் எரிபொருள் வரிசையில் நாள்கணக்கில் நின்றவரும் அவரே. புகையையும் சொல்லத்தான் வேண்டும்: டீசல் புகை புற்றுநோய் தரும் என்று 2012இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்தது.

இவை எதையும் டீசல் பார்க்கவில்லை. தலைவலியும் மன உளைச்சலும் அவரை நெடுநாள் வாட்டின. காணி வாங்கி விற்பதில் பணம் கரைந்தது. 1913 செப்டெம்பர் 29 மாலை, லண்டனில் ஒரு கம்பனிக் கூட்டத்துக்காக அன்ட்வேர்ப் துறைமுகத்தில் 'ட்ரெஸ்டன்' கப்பலில் ஏறினார். அது நீராவிக் கப்பல். இரவுச் சாப்பாடு முடிந்து பத்து மணியளவில் அறைக்குப் போனவரைக் காலையில் காணவில்லை. கட்டிலில் யாரும் படுத்த அடையாளமும் இல்லை. சில நாட்களின் பின் ஒல்லாந்துப் படகுக்காரர் கடலில் ஓர் உடலைக் கண்டு, சட்டைப்பையில் இருந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைத் திரும்பவும் கடலில் விட்டார்கள். அந்தக் கண்ணாடிக் கூட்டையும் பேனாக்கத்தியையும் பார்த்துத் தகப்பனுடையவை என்று மகன் ஒய்கன் சொன்னார். ஜேர்மன் உளவாளிகள் கொன்றார்கள், எண்ணெய் முதலாளிகள் கொன்றார்கள் என்றெல்லாம் இன்றும் கதைகள் உலாவுகின்றன. நான் அவற்றை நம்பவில்லை. புறப்படுவதற்கு முன் மனைவி மார்த்தாவிடம் ஒரு பையைக் கொடுத்து, அடுத்த வாரம்தான் திறக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். உள்ளே 20,000 மார்க் காசும், வங்கிக் கணக்குகள் ஏறக்குறைய வெறுமையாகிவிட்டதைக் காட்டும் கடதாசிகளும் இருந்தன.