தேர்தலிலும் தோற்றார், கோர்ட்டிலும் தோற்றார்: ராஜபாளையம் தந்த முதலமைச்சர் குமாரசாமி ராஜா யார்?

சட்டமன்றம் பெரிதா, அரசாங்கம் பெரிதா, நீதிமன்றம் பெரிதா? இந்தச் சண்டை இன்று நேற்று தொடங்கியது இல்லை. அரசியலமைப்புச் சட்டம் அமலுக்கு வந்த 1950ஆம் ஆண்டிலேயே அதன் நடுவில் மாட்டிக்கொண்டவர் ராஜபாளையத்துக்காரர் பூ.ச.குமாரசாமி ராஜா.

1898இல் பிறந்தவர். பிறந்த சில நாட்களில் தாய் போனார், மூன்று வயதில் தந்தையும் போனார். பாட்டியும் அக்காவும்தான் வளர்த்தார்கள். காந்தி வழியில் காங்கிரஸுக்கு வந்தார். 1949 ஏப்ரலில் ஓமந்தூரார் விலக, காமராஜர் ஆதரவோடு சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். அப்போது அந்தப் பதவிக்கு அதுதான் பெயர். 1950 ஜனவரி 26க்குப் பிறகு அது முதலமைச்சர் ஆனது.

பெயர் மட்டுமா மாறியது? அதுவரை அரசு போட்ட உத்தரவை இனி அடிப்படை உரிமை என்று சொல்லி கோர்ட்டில் கேள்வி கேட்கலாம். கேட்டார்கள்.

அவர் அரசு கம்யூனிஸ்ட்களிடம் ரொம்பவே கடுமையாக நடந்துகொண்டது. 1950 பிப்ரவரியில் சேலம் சிறையில் 22 கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டது இந்த ஆட்சியில்தான். அடுத்த மாதம், பம்பாயிலிருந்து வந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ பத்திரிகைக்கு மாநிலத்தில் தடை போட்டார்கள். மே 26ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதே மாதம் ஏ.கே.கோபாலன் வழக்கில் தடுப்புக்காவல் சட்டம் பெரும்பாலும் தப்பித்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பெரிய அடி வகுப்புவாரி அரசாணையில் விழுந்தது. மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் 14 இடங்கள் இருந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் - கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பிரிக்கும் ஆணை அது. நீதிக்கட்சி காலத்தில் தொடங்கிய ஏற்பாடு. செண்பகம் துரைராஜன் வழக்குப் போட்டார். இதில் ஒரு வேடிக்கை, அவர் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை! 1950 ஜூலையில் உயர் நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. அரசு மேல்முறையீடு போனது. 1951 ஏப்ரல் 9ஆம் தேதி அங்கேயும் தோல்வி.

கோர்ட் சொன்னால் முடிந்ததா? இல்லை. தெருவில் பெரியார் போராட்டம், டெல்லிக்குக் காமராஜர் அழுத்தம். அதே ஆண்டு ஜூனில் நாடாளுமன்றம் அரசியலமைப்பையே திருத்தியது. முதல் திருத்தத்தில் வந்த 15(4) பிரிவுதான் கல்வி இடஒதுக்கீட்டுக்கு இன்றும் அடித்தளம். அதே திருத்தம் பேச்சுரிமைக்குப் புதிய கட்டுப்பாடுகளையும் கொண்டுவந்தது. அதற்குக் காரணமான வழக்குகளில் ‘கிராஸ் ரோட்ஸ்’ ஒன்று. நல்லதும் கெட்டதும் ஒரே பொட்டலத்தில் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். எப்படியோ, கோர்ட்டில் தோற்ற அரசாணையின் நோக்கம் நாடாளுமன்றத்தில் ஜெயித்தது.

ஆனால் குமாரசாமி ராஜா ஜெயிக்கவில்லை. முதல் பொதுத்தேர்தலில் சொந்த மண்ணான ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே தோற்றார். 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 152. தேர்தலில் நிற்காத ராஜாஜி, ஆளுநர் ஸ்ரீபிரகாசா கொடுத்த மேலவை நியமனம் வழியாக 1952 ஏப்ரலில் முதலமைச்சர் ஆனார். அதற்குச் சில நாட்கள் முன்பு, மார்ச் 31ஆம் தேதி, வி.ஜி.ராவ் வழக்கிலும் மெட்ராஸ் அரசு உச்ச நீதிமன்றத்தில் தோற்றிருந்தது.

1954இல் ஒரிசா ஆளுநராகப் போனார். வழக்குகளைச் சந்தித்த முதலமைச்சர், இப்போது இன்னொரு மாநில மசோதாக்களுக்கு ஒப்புதல் தரும் இடத்தில் இருந்தார். 1956 வரை அங்கே இருந்தார். அடுத்த ஆண்டு மறைந்தார்.

ராஜபாளையத்தில் தன் வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார்.