புரூஸ் லீ பழிவாங்கிய அந்த குரு யார்?

1972-ல் வந்த ‘ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி’ படம் பார்த்திருப்பீங்க. குருவை விஷம் வைத்துக் கொன்றவர்களைத் தேடித் தேடி அடிப்பார் புரூஸ் லீ. அந்தச் சீடன் சென் ஜென் கற்பனை. குரு நிஜம். பெயர் ஹுவோ யுவான்ஜியா.

1868-ல் தியான்ஜின் அருகே பிறந்தார். தற்காப்புக் கலைக் குடும்பம்தான், ஆனால் பிள்ளை நோஞ்சான் என்று அப்பா கற்றுத்தரவில்லை. ஒளிந்திருந்து பார்த்தே பழகினார் என்பார்கள்.

சீனர்களைச் சீண்டிய ஒரு வெளிநாட்டுப் பயில்வானை எதிர்கொள்ளத்தான் அவரை ஷாங்காய்க்கு அழைத்தார்கள். சண்டை நடக்கவே இல்லை, பயில்வான் ஊரைவிட்டே போய்விட்டார். (படங்களில் மட்டும் பிரமாதமா நடக்கும்!) 1910-ல் அங்கே சின் வூ சங்கம் உருவானது. அதே ஆண்டு, 42 வயதில், ஹுவோ இறந்தார்.

விஷமா? பழி ஒரு ஜப்பானிய மருத்துவர் மேல் விழுந்தது. 1989-ல் எலும்புகளைத் தோண்டியெடுத்தபோது ஆர்செனிக் இருந்ததாகச் சொன்னார்கள். ஆனால் அவர் ஏற்கெனவே நோயாளி. அந்தக் காலச் சீன மருந்துகளிலும் ஆர்செனிக் உண்டு. கொலை என்று இன்றுவரை நிரூபணமாகவில்லை. படம் பார்த்தவர்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டாங்க!

நிஜச் சீடர்கள் யாரையும் பழிவாங்கக் கிளம்பவில்லை. குடும்பங்களுக்குள் பூட்டி வைத்திருந்த கலையை, பெண்கள் உட்பட எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். ஹுவோ இறந்த அதே 1910-ல் பினாங்கு ஆர்மேனியன் தெருவில் புரட்சிக்குத் திட்டம் போட்ட சுன் யாட்-சென், பிற்பாடு சின் வூவைப் பாராட்டி எழுதிக் கொடுத்தார். 1920-களில் சின் வூ மலாயாவுக்கும் வந்தது. கோலாலம்பூரில் 1953-ல் திறந்த சின் வூ அரங்கம் இன்னும் இருக்கு. பினாங்கிலும் சங்கம் இருக்கு.