மிச்சத்தைக் கேட்ட ஜெனரல்

குட்டீஸ்... ஜெனரல் என்றதும் பீரங்கியும் போர்க்களமும்தானே உங்கள் நினைவுக்கு வரும்? பசியை எதிர்த்துப் போரிட்ட ஒரு ஜெனரலும் இருந்தார். அவர்தான் வில்லியம் பூத்!

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில், 1829 ஏப்ரல் 10ல் பிறந்தார். தந்தை தொழிலில் நொடித்துப் போகவே, 13 வயதில் அடகுக்கடை வேலைக்குப் போனார் பூத். கையில் காசில்லாமல், இருப்பதையெல்லாம் அடகு வைக்க வந்த ஏழைகளை அங்கே தினமும் பார்த்தார்.

பின், லண்டன் சென்று மதபோதகர் ஆனார். 1865ல் மனைவி கேத்தரினுடன் சேர்ந்து, கிழக்கு லண்டன் ஏழைகளுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1878ல் அது, 'இரட்சணிய சேனை' ஆனது. அதன் தலைவரான பூத், 'ஜெனரல்' ஆனார்.

1887ம் ஆண்டின் குளிர்கால இரவு ஒன்றில், லண்டன் பாலத்தில் வீடற்றவர்கள் சுருண்டு படுத்திருப்பதைக் கண்டார் பூத். மறுநாள் காலையில், தன் மகன் பிராம்வெல்லிடம் அதைச் சொன்னார். மகனுக்கு அது முன்பே தெரியும். தெரிந்தும் ஒன்றும் செய்யாமல் இருந்ததற்காக, மகனைக் கடிந்துகொண்டார்.

அடுத்த ஆண்டே, லைம்ஹவுஸ் என்ற பகுதியில் உணவு விடுதியும், தங்குமிடமும் திறக்கப்பட்டன. கால் பென்னி கொடுத்தால் குழந்தைகளுக்கு ஒரு கிண்ணம் சூப். நான்கு பென்னி கொடுத்தால், பெரியவர்களுக்கு இரவு உணவு, படுக்கை, காலை உணவு!

இலவசமாகவே கொடுத்திருக்கலாமே என்கிறீர்களா? பிச்சை வாங்குகிறோம் என்று யாரும் கூனிக் குறுகக் கூடாது என நினைத்தார் பூத். காசில்லாதவர்கள், அதற்கு ஈடாகச் சிறிது வேலை செய்தால் போதும்.

1890ல் ஒரு புத்தகம் எழுதினார். லண்டன் தெருவில் வண்டிக் குதிரை இடறி விழுந்தால், தூக்கி நிறுத்த ஆள் உண்டு. அதற்கு உணவு, இருப்பிடம், வேலை மூன்றும் உண்டு. மனிதனுக்கு மட்டும் இவை வேண்டாமா என்பதே, அதில் அவர் எழுப்பிய கேள்வி.

அதே புத்தகத்தில் ஒரு புதுமையான திட்டமும் இருந்தது. வேலையில்லாதவர்களைக் கொண்டு ஒரு படை அமைப்பது. சீருடை அணிந்த அவர்கள் வீடு வீடாகப் போய், மீந்த உணவு, பழைய செருப்பு, காகிதம், பாட்டில்களைச் சேகரிப்பது. ஒரு வீட்டில் வீணாவது, இன்னொருவருக்கு உணவாகும்; சேகரிப்பவருக்கோ வேலையும் கிடைக்கும்!

விஞ்ஞானி ஹக்ஸ்லி உட்படப் பலர், பூத்தின் திட்டங்களைக் கண்டித்து எழுதினர். புத்தகம் வெளிவந்த அதே மாதம், புற்றுநோயால் கேத்தரினும் மறைந்தார். ஆனாலும், பூத் ஓயவில்லை. நாகர்கோவிலில் உள்ள கேத்தரின் பூத் மருத்துவமனை, அந்த அம்மையாரின் பெயரைத் தாங்கியதே.

கடைசிக் காலத்தில் பார்வையை இழந்த பூத், 1912 ஆகஸ்ட் 20ல், 83 வயதில் காலமானார்.

குட்டீஸ், இன்று நம் நகரங்களிலும் கல்யாண வீட்டில் மீந்த சாப்பாட்டை வாங்கிச் சென்று, பசித்தவர்களுக்குக் கொடுப்போர் இருக்கின்றனர். உங்கள் வீட்டு விசேஷத்தில் சாப்பாடு மீந்தால், அது கெடுவதற்குள் அவர்களிடம் சேர்க்கச் சொல்லி, அப்பா, அம்மாவுக்கு நினைவூட்டுவீர்கள்தானே?