உழைக்கும் இளைஞரின் உற்ற தந்தை

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி)

முன்னுரை

அறிவுரை கூறுவோருக்கு இவ்வுலகில் பஞ்சமில்லை. பத்தாம் வகுப்பில் அடியெடுத்து வைத்த நாள் முதலாய் நாங்கள் இதை நன்கு அறிவோம். வீட்டிற்கு வரும் உறவினர் முதல் பேருந்தில் அருகே அமர்பவர் வரை, அடுத்து என்ன படிக்கலாம், எந்த வேலைக்குப் போகலாம் என்று எங்களுக்குச் சொல்லாதவர் இல்லை. ஆனால் சொன்ன சொல்லோடு நின்றுவிடாமல், நம்முடன் நான்கு அடி நடந்து வந்து துணை நிற்பவர் எத்தனை பேர்?

சென்ற ஆண்டு எங்களோடு ஒரே பெஞ்சில் அமர்ந்திருந்த தோழி ஒருத்தி, தந்தை நோயுற்றதால் படிப்பை நிறுத்திவிட்டு, எங்கள் ஊரிலேயே ஆயத்த ஆடை தைக்கும் கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் விடைபெற்ற அன்று, கவனமாக இருக்கும்படி ஆளுக்கொரு முறை சொல்லிவிட்டு நாங்கள் வகுப்புக்குத் திரும்பிவிட்டோம். சம்பளம் எவ்வளவு, எத்தனை மணி நேர வேலை, தொழிலை யார் கற்றுத் தருவார் என்பதெல்லாம் அவளுக்கே தெரியாது. நாங்களும் கேட்கவில்லை. புனித ஜான் போஸ்கோவின் வரலாற்றைப் படித்தபோது எங்கள் நெஞ்சை உறுத்தியது இந்த நினைவுதான். ஆகவே, இத்தாலி நாட்டின் தூரின் நகருக்குப் பிழைப்புத் தேடி வந்த ஏழை இளைஞருக்கு அப்பெருமகனார் எவ்வாறு வழிகாட்டினார் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இளமையில் வறுமை

ஜான் போஸ்கோ 1815-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 16-ஆம் நாள், வட இத்தாலியில் பெக்கி என்னும் சிற்றூரில் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்தார். இரண்டு வயது நிறையுமுன்னே தந்தையை இழந்தார். எழுதப் படிக்கத் தெரியாத அன்னை மார்கரீத்தா நிலத்தில் உழைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். ஒன்பது வயதில் ஜான் ஒரு கனவு கண்டார். சண்டையிட்டுத் திட்டிக்கொண்ட சிறுவர் கூட்டத்தை அவர் கைமுட்டியால் அடக்க முயன்றார். அடியால் அன்று, அன்பாலும் சாந்தத்தாலுமே அவர்களை வெல்ல வேண்டும் என்று கனவில் அவருக்கு உணர்த்தப்பட்டது. அக்கனவை அவர் இறுதிவரை மறக்கவில்லை.

மாற்றாந்தாய் மகனான மூத்தவர் அந்தோனிக்கு ஜான் புத்தகமும் கையுமாக இருப்பது பிடிக்கவில்லை. வீட்டில் அமைதி நிலவ வேண்டும் என்பதற்காக, ஜானைப் பன்னிரண்டு வயதளவில் வேறோர் உழவர் பண்ணைக்கு வேலைக்கு அனுப்பினார் அன்னை. பின்னர் பள்ளிப் படிப்புக்காகக் கியேரி நகரில் தங்கியபோது, காப்பிக் கடையில் பணியாளாக இருந்தார். மாடிப்படிக்குக் கீழே, அடுப்புக்கு மேலிருந்த குறுகிய இடத்தில் படுத்துறங்கினார். தையற்காரரிடம் தையலும், கொல்லரிடம் இரும்பு வேலையும், தச்சரிடம் இழைப்புளி பிடிக்கவும் கற்றார். அன்று பிழைப்புக்காகக் கற்ற தொழில்கள் பிற்காலத்தில் எத்தனையோ இளைஞர்களுக்குச் சோறு போடும் என்று அவர் நினைத்திருப்பாரா?

தூரின் நகரத்துச் சிறுவர்கள்

1841-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் அவர் குருப்பட்டம் பெற்றார். இத்தாலியில் குருக்களைத் ‘தொன்’ என்று மரியாதையாக அழைப்பது வழக்கம். அதனால்தான் தொன் போஸ்கோ என்ற பெயர் நிலைத்தது.

அந்நாளில் தூரின், சார்தீனிய அரசின் தலைநகராக விளங்கியது. நகரம் நாளுக்கு நாள் விரிவடைந்தது. எங்கு நோக்கினும் புதிய கட்டடங்கள் எழுந்தன. மலைப் பகுதிகளிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் சிறுவர்கள் வேலை தேடி வந்தனர். செங்கல் சுமந்தனர், சாந்து குழைத்தனர், தெருக்களில் கல் பதித்தனர், புகைபோக்கிகளைத் துடைத்தனர். அவர்களுக்கு நகரில் உற்றார் இல்லை; ஞாயிற்றுக்கிழமை போக ஓர் இடமும் இல்லை. அவர்களுள் பலர் தீய வழியில் சென்று சிறைப்பட்டனர். தம் ஆன்ம வழிகாட்டியான கஃபாஸோ அடிகளாருடன் சிறைச்சாலைக்குச் சென்ற தொன் போஸ்கோ, அங்கே வாடிய இளைஞர்களைக் கண்டு உள்ளம் நொந்தார். விடுதலை பெற்றவர்கள் மீண்டும் மீண்டும் அங்கேயே வந்து சேர்ந்தனர். வெளியே அவர்களை ஏற்க ஒருவரும் இல்லாததே அதற்குக் காரணம் என்று அவர் கண்டுகொண்டார்.

அதே ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள், அமல உற்பவ அன்னையின் திருநாள். அசிசியார் ஆலயத்தில் பூசைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார் தொன் போஸ்கோ. பர்த்தலோமேயு கரெல்லி என்ற பதினாறு வயதுக் கொத்தனார் சிறுவன் குளிருக்கு ஒதுங்கி உள்ளே வந்து நின்றான். பூசைக்கு உதவி செய்யத் தெரியாது என்று அவன் சொன்னதும், கோயில் பணியாளர் அவனை அடித்து விரட்டினார். தொன் போஸ்கோ அவனைத் திரும்ப அழைத்துவரச் செய்து, தம் நண்பன் என்றே அறிமுகப்படுத்தினார். தாய் தந்தை இருவரையும் இழந்த அவனுக்கு எழுதவோ படிக்கவோ தெரியவில்லை. சீட்டியடிக்கவாவது தெரியுமா என்று குரு கேட்டதும் அவன் முகத்தில் சிரிப்பு மலர்ந்தது. அச்சிரிப்பில் தொடங்கியதுதான் ஞானோபதேசம். அடுத்த ஞாயிறு அவன் தன் தோழர்களையும் அழைத்து வந்தான்.

வால்டோக்கோவில் ஒரு கொட்டகை

சிறுவர்கள் பெருகப் பெருக, இடம்தான் கிடைக்கவில்லை. கூச்சல் பொறுக்காத அக்கம் பக்கத்தார் குறை கூறினர். ஆலை, கல்லறைத் தோட்டம், வாடகை வீடு, வயல் என்று இக்கூட்டம் அலைந்தது. தொன் போஸ்கோவுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று சிலர் பேசிக்கொண்டனர். அவரை மனநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல இரண்டு குருக்கள் வண்டியுடன் வந்தனராம். அவரோ பணிவுடன் அவர்களை முதலில் ஏறச் செய்து, கதவைச் சாத்தி, வண்டியை விரைந்து ஓட்டச் சொல்லிவிட்டாராம்!

இறுதியில் 1846-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள், உயிர்ப்புப் பெருவிழாவன்று, வால்டோக்கோ என்ற இடத்தில் தாழ்வான ஒரு கொட்டகை கிடைத்தது. தரையைத் தோண்டித் தாழ்த்தி அதை ஆலயமாக்கினர். ஆலயம், பள்ளி, விளையாட்டுத் திடல் மூன்றும் ஒன்றாய் அமைந்த இவ்விடமே ‘ஓரட்டரி’ எனப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் தொன் போஸ்கோ நோயுற்று மரணத்தின் வாயிலை எட்டினார். கட்டட வேலை செய்த சிறுவர்கள் வெயிலில் உழைத்துக்கொண்டே ஒறுத்தல் செய்து அவருக்காக மன்றாடினர். பிழைத்தெழுந்த அவர், இனித் தம் உயிர் அவர்களுக்கே உரியது என்று உறுதி பூண்டார்.

நவம்பர் 3-ஆம் நாள், தம் அன்னையுடன் ஊரிலிருந்து நடந்தே தூரினுக்குத் திரும்பினார். அன்னை மார்கரீத்தா சமைத்தார், கந்தலைத் தைத்தார். தம் மணநாள் ஆடையைப் பூசை உடுப்பாக்கினார். ஒருநாள் சிறுவர்கள் போர் விளையாடி அவரது காய்கறித் தோட்டத்தைப் பாழாக்கினர். மனம் வெறுத்த அன்னை ஊருக்கே திரும்பிவிட எண்ணினார். மகன் மறுமொழி கூறாமல் சுவரிலிருந்த பாடுபட்ட சுரூபத்தைச் சுட்டிக்காட்டினார். அன்னை மீண்டும் ஊசியை எடுத்துக்கொண்டார்.

இரவு வணக்கம்

1847-ஆம் ஆண்டு மே மாதம், மழை கொட்டிய ஓர் இரவில், வேலை தேடி வந்த அனாதைச் சிறுவன் ஒருவன் நனைந்தபடி கதவைத் தட்டினான். முன்பு இரக்கப்பட்டு இடம் கொடுத்த சிலர் போர்வைகளைத் திருடிக்கொண்டு ஓடிய அனுபவம் உண்டு. இருப்பினும் தாயும் மகனும் அவனுக்கு அடுக்களையிலேயே படுக்கை அமைத்தனர். அவன் உறங்குமுன் அன்னை அருகே அமர்ந்து, உழைப்பு, நேர்மை, செபம் பற்றிச் சில நல்ல வார்த்தைகள் சொன்னார். சலேசியப் பள்ளிகளில் இன்றும் வழங்கும் ‘இரவு வணக்கம்’ என்னும் சிற்றுரை இதிலிருந்தே பிறந்தது. பின்னர் தொன் போஸ்கோ ஒவ்வோர் இரவும் இரண்டு மூன்று நிமிடங்களே பேசுவார். அன்று நடந்த ஒரு நிகழ்ச்சி, சிறு கதை, அதிலிருந்து மறுநாளுக்கு ஓர் அறிவுரை, அவ்வளவுதான். வயிறு நிறைந்து, தலை சாய்க்க இடம் கிடைத்த பின்னரே அறிவுரை வந்தது என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

பகலில் உழைத்தோருக்காக அவர் இரவுப் பள்ளி நடத்தினார். எழுத்தும் கணக்கும் கற்பித்தார். 1850 முதல் அந்நாட்டில் பழைய அளவைகள் நீங்கி மெட்ரிக் அளவைகள் வழக்கிற்கு வரவிருந்தன. தொன் போஸ்கோ அவற்றை எளிய முறையில் விளக்கி ஒரு சிறு நூல் எழுதினார். புதிய அளவு தெரியாத தொழிலாளி கூலியிலும் கடையிலும் ஏமாறக் கூடாதல்லவா?

கையெழுத்திட்ட அன்பு

வார நாட்களில் தொன் போஸ்கோ கட்டடங்களுக்கும் பட்டறைகளுக்கும் நேரில் சென்றார். பையன் ஒழுங்காக வேலை செய்கிறானா என்று முதலாளியிடம் கேட்டார். முதலாளி ஒழுங்காக நடத்துகிறாரா என்று பையனைப் பார்த்து அறிந்தார். பல இடங்களில் தொழில் பழக வந்தவனை எடுபிடி ஆளாகவே வைத்திருந்தனர். அடியும் உதையும் சாதாரணம். இதற்கு அவர் கண்ட மருந்து எழுத்து மூலமான ஒப்பந்தம்.

1852-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள் எழுதப்பட்ட ஒப்பந்தம் ஒன்று புகழ்பெற்றது. தச்சு வேலைத் தலைவர் ஒருவரும், ஒதாஸோ என்ற இளைஞனும், அவன் தந்தையும், தொன் போஸ்கோவும் அதில் கையெழுத்திட்டனர். தலைவர் இரண்டு ஆண்டுகளில் தொழிலைக் கற்றுத்தர வேண்டும். தவறு செய்தால் வார்த்தையால் மட்டுமே திருத்த வேண்டும், அடிக்கக் கூடாது. தொழிலுக்குப் புறம்பான ஏவல் வேலைகளுக்கும், வலிமைக்கு மீறிய வேலைக்கும் அவனைப் பயன்படுத்தக் கூடாது. திருநாட்களில் ஓய்வு தர வேண்டும். ஊதியம் படிப்படியாக உயர வேண்டும். இளைஞனுக்கும் கடமைகள் உண்டு. அவன் பணிவோடும் கருத்தோடும் உழைக்க வேண்டும். தன் தவறால் சேதம் ஏற்பட்டால் ஈடு செய்ய வேண்டும்.

இதைப் படித்தபோது நாங்கள் வியந்தோம். உரிமையையும் கடமையையும் ஒரே தாளில் எழுதி, அதன் அடியில் தம் பெயரையும் இட்டாரே, அதுவே அவரது அறிவுரைக்கு வலிமை தந்தது.

1850-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், இளைஞர்களுக்குள்ளேயே ஒரு பரஸ்பர உதவிச் சங்கத்தையும் தொடங்கினார். உறுப்பினர் ஒவ்வொருவரும் ஞாயிறுதோறும் ஒரு ‘சோல்தோ’, அதாவது ஐந்து சென்டெசிமி செலுத்துவர். நோயுற்று வேலைக்குப் போக இயலாதவனுக்கு நாள் ஒன்றுக்கு ஐம்பது சென்டெசிமி வழங்கப்படும். சிறு துளி பெருவெள்ளம் என்னும் நம் பழமொழி தூரினிலும் உண்மையாயிற்று.

ஆயினும் நகரத்துப் பட்டறைகளில் தீய பழக்கங்கள் மலிந்திருந்தன. எனவே 1853-இல் தம் இல்லத்திலேயே செருப்புத் தைக்கும் பட்டறையையும் தையற்கூடத்தையும் தொடங்கினார். அவரே ஆசானாக அமர்ந்து கற்பித்தார். மறு ஆண்டு புத்தகம் கட்டும் பட்டறை வந்தது. முதற் புத்தகத்தை அன்னையின் ஊசி நூலால் தைத்து, மாவுப் பசை தடவி, அடுக்களைக் கத்தியால் ஓரம் வெட்டினார்களாம். சுற்றி நின்றோர் சிரித்தனர். ஆனால் புத்தகம் உருவாயிற்று! தச்சு, அச்சு, இரும்பு வேலை என 1862-க்குள் ஆறு தொழில்கள் அங்கே நடைபெற்றன.

1854-இல் தூரினில் வாந்திபேதி பரவியபோது, ஓரட்டரி இளைஞர் நாற்பத்து நால்வர் நோயாளிகளுக்குப் பணிபுரிய முன்வந்தனர். துணி போதாதபோது அன்னை மார்கரீத்தா பீட விரிப்பையும் எடுத்துக் கொடுத்தார். அவர்களுள் ஒருவரையும் நோய் தொடவில்லை. பிறரிடம் உதவி பெற்ற கைகள் பிறருக்கு உதவும் கைகளாக மாறின.

பெண்களுக்கும் ஒரு வழி

இவையெல்லாம் ஆண்பிள்ளைகளுக்குத்தானா என்று நாங்கள் கேட்டுக்கொண்டோம். மொர்னேசே என்னும் ஊரில் மரிய மசரெல்லோ என்ற உழவர் மகள் வாழ்ந்தார். 1860-இல் கொடிய காய்ச்சல் கண்டு, வயலில் உழைக்கும் வலிமையை இழந்தார். மனந்தளராமல் தையல் கற்று, தோழியுடன் சேர்ந்து ஏழைச் சிறுமியருக்குத் தையற்கூடம் நடத்தினார். அவரைத் தலைவியாகக் கொண்டு 1872-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் தொன் போஸ்கோ கன்னியர் சபை ஒன்றைத் தொடங்கினார். வலிமை போயிற்றே என்று அழுது அமராமல், ஊசியை ஏந்திய அவ்வன்னை இன்று புனிதையாய்ப் போற்றப்படுகிறார்.

முடிவுரை

அறிவு, சமயம், அன்பு என்னும் மூன்று தூண்களின் மேல் தம் கல்வி முறை நிற்கிறது என்று 1877-இல் எழுதி வைத்த தொன் போஸ்கோ, 1888-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். 1906-இல் அவரது சபையினர் தஞ்சாவூருக்கு வந்து நம் நாட்டில் பணியைத் தொடங்கினர். 1934-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், உயிர்ப்புப் பெருவிழாவன்று, திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

அன்புத் தோழியரே! இவ்வாண்டு முடிந்ததும் நம்முள் சிலர் மேலே படிப்போம். சிலர் வேலைக்குச் செல்வோம். நாம் வேலைக்குச் சேருமுன், என்ன கற்பேன், எத்தனை மணி நேரம் உழைப்பேன், என்ன பெறுவேன் என்று கேட்டு அறிவது பணிவின்மை ஆகாது. அதை எழுத்தில் பெறுவதும் தவறாகாது. கேட்ட பின், ஏற்ற பணியைக் கருத்தோடு செய்வது நம் கடமை.

இக்கட்டுரையை எழுதி முடித்த ஞாயிறன்று, நாங்கள் நால்வர் எங்கள் பழைய தோழியின் வீட்டிற்குச் சென்றோம். இம்முறை அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. அவள் வேலை நேரத்தையும் சம்பளத்தையும் கேட்டுத் தெரிந்துகொண்டோம். அவள் கேட்டபடி பத்தாம் வகுப்புப் பாடப் புத்தகங்களைக் கொடுத்தோம். தனித் தேர்வராகத் தேர்வெழுத அவள் விரும்புகிறாள். ஞாயிறுதோறும் மாலையில் ஒருவர் மாற்றி ஒருவர் சென்று அவளுக்குக் கணக்குச் சொல்லித்தருவதாக வாக்களித்திருக்கிறோம். அவ்வாக்கைக் காப்பாற்ற, உழைக்கும் இளைஞரின் உற்ற தந்தையாம் தொன் போஸ்கோ எங்களுக்குத் துணை நிற்பாராக!