கிணறும் மருந்தே

மருத்துவமனை கட்டினால் நோய் குறைந்துவிடும் என்றே நானும் நெடுங்காலம் நம்பியிருந்தேன். மேபெல் ஆரோலேயின் வாழ்க்கை அந்த எண்ணத்தை மாற்றியது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற அவர், கணவர் ரஜினிகாந்த் ஆரோலேயுடன் 1970-இல் மகாராஷ்டிரத்தின் வறட்சிப் பகுதியான ஜாம்கேடில் பணி தொடங்கினார். அங்குள்ள உழவர் குடும்பங்களின் முதல் தேவை மருந்தன்று, நீரும் உணவும். இருவரும் அந்த முன்னுரிமையை ஏற்றனர். ஆழ்துளைக் கிணறுகள் அமைந்தன. அவற்றுள் பல தலித் குடியிருப்புகளில் இருந்ததால், பிற சாதியினரும் அங்கே வந்து நீரெடுக்க நேர்ந்தது. உழவர் மன்றங்கள் மரம் நட்டன, மண்ணைக் காத்தன, குழந்தைகளுக்கு உணவளித்தன. எழுத்தறியாத பெண்கள் பயிற்சி பெற்று, பிரசவம் பார்க்கும், குழந்தைகளின் எடையைக் கண்காணிக்கும் சுகாதாரப் பணியாளர்களாயினர்.

1979-இல் தம்பதியர் மகசேசே விருது பெற்றனர். மேபெல் 1999-இல் மறைந்தார்.

இன்றும் வேளாண் துறையும் சுகாதாரத் துறையும் ஒரே வீட்டுக்குத் தனித்தனிக் கோப்புகளுடன் வருகின்றன. இரத்தசோகைக்கு மாத்திரை தருகிறோம். அவ்வீட்டு நிலத்தில் என்ன விளைகிறது, அதில் எவ்வளவு அடுப்படிக்கு வருகிறது என்று கேட்பதில்லை. ஜாம்கேடில் மருத்துவம் தொடங்கியதே அந்தக் கேள்வியிலிருந்துதான்.