ராவ் பகதூர் எம். சி. ராஜா

நம் சமூகத்தார் மறத்தற்கரிய ராஜா அவர்கள் 1883இல் பரங்கிமலையிற் பிறந்து, ஆசிரியராயிருந்து, ஜஸ்டிஸ் கட்சியின் சார்பிற் சென்னைச் சட்டசபை புகுந்தார்.

1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது வடசென்னைப் புளியந்தோப்பில் நம்மவர் குடிசைகள் தீக்கிரையாயின. அக்கட்சித் தலைவர் சிலர் பழியை நம்மவர்மீதே சுமத்தினர். 1922இல், இழிபெயர்களை விலக்கி நம்மை ஆதி திராவிடரென வழங்கவேண்டுமென்னுந் தீர்மானத்தை ராஜா அவர்கள் நிறைவேற்றுவித்தார். மறு ஆண்டு கட்சியைத் துறந்தார்.

1927 முதல் 1937 வரை மத்திய சட்டசபை அங்கத்தினராயிருந்தார். 1932இல் பூனா ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டார். 1938இல் சென்னைச் சட்டசபையில் அவரது ஆலயப் பிரவேச மசோதா தோற்றது. 1939இல் அரசாங்கமே ஆலயப் பிரவேசத்திற்குச் சட்டஞ் செய்தது. 1943இல் காலஞ்சென்றார்.

நம் பிள்ளைகளின் சான்றிதழில் நிற்கும் பெயர் வந்த வரலாற்றை அவர்கட்குச் சொல்லிவைப்போமாக.